நம் வீட்டு லட்சுமிக்கு இந்த முகத்தைக் கொடுத்தது யார்? ராஜா ரவிவர்மாவின் கதை

சரஸ்வதி என்றதும் உங்கள் மனதில் என்ன உருவம் வருகிறது? வெள்ளைப் புடவை, மடியில் வீணை, பக்கத்தில் ஒரு மயில், பின்னால் தண்ணீரும் மரங்களும். லட்சுமி என்றால்? தாமரை மேல் நிற்கும் பட்டுப்புடவை கட்டிய பெண், கூடவே மாலை ஏந்திய யானை.

இந்த உருவம் எங்கிருந்து வந்தது? புராணத்திலிருந்து என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது பாதி பதில்தான். வீணையும் தாமரையும் நான்கு கைகளும் புராணத்திலும் சிற்ப சாஸ்திரத்திலும் இருக்கின்றன. ஆனா அந்த முகம்? அந்தப் புடவைக் கட்டு? முகத்தில் விழும் அந்த சாயங்கால வெளிச்சம்? கோயில் கருவறையில் இருக்கும் கருங்கல் சிலையில் இதெல்லாம் கிடையாது. சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் கேரளத்தைச் சேர்ந்த ஓர் ஓவியர் உட்கார்ந்து முடிவு செய்த விஷயங்கள் இவை.

அவர் ராஜா ரவிவர்மா. ஒருவர் ஏன் வரைகிறார், நாம் அதை எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்விக்கு இந்தியாவில் இவரைப் போல ஒரு கதை கிடைப்பது கஷ்டம். ஒரே கை வரைந்த படத்தை ஒருவர் ஏலத்தில் கோடிகள் கொடுத்து வாங்குகிறார். இன்னொருவர் விளக்கேற்றிக் கும்பிடுகிறார். வேறொருவர் இதெல்லாம் கலையே இல்லை என்று ஒதுக்குகிறார். எப்படி?

கரித்துண்டும் அரண்மனைச் சுவரும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிளிமானூர். அங்குள்ள அரண்மனையில் 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தார் ரவிவர்மா. பெயரில் ராஜா இருந்தாலும் அவர் நாடாண்டவர் இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் திருமண உறவு கொண்ட குடும்பம் அது. அப்பா சமஸ்கிருதம் படித்தவர். அம்மா உமாம்பா கவிதை எழுதுபவர். வீட்டில் கதகளி நடக்கும், புராணக் கதைகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணி ஓவியம் தெரிந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு.

சிறுவன் ரவிவர்மா அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்து தள்ளினான் என்று சொல்வார்கள். எல்லா ஓவியர்களுக்கும் இப்படி ஒரு சுவர்க் கதை உண்டு. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது சுவரை அல்ல, மாமாவை. திட்டுவதற்குப் பதிலாக அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தார். 1862-ல், பையனுக்கு 14 வயது ஆனபோது, திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போய் மகாராஜா ஆயில்யம் திருநாள் முன் நிறுத்தினார். மகாராஜாவுக்கு ஓவியத்தில் ஆர்வம் அதிகம். பையன் அங்கேயே தங்கினான்.

சொல்லித் தர மறுத்த இருவர்

அரண்மனையில் ராமசுவாமி நாயக்கர் என்ற ஓவியர் இருந்தார். ஆயில் பெயின்டிங் தெரிந்தவர் அவர். ஆனா அதை ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர அவர் தயாராக இல்லை. நாளைக்குத் தனக்கே போட்டியாக வருவான் என்ற பயம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழில் ரகசியம்தான் அன்றைக்குச் சோறு போட்டது. நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தினரை வரைய வந்தார். அவரும் சொல்லித்தரவில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த ஐரோப்பியப் படிப்பு. வெளிநாடு போனதும் இல்லை, ஓவியக் கல்லூரியில் படித்ததும் இல்லை.

சரி, ஆயில் பெயின்டிங்கில் அப்படி என்ன ரகசியம்? நம் ஊர் மரபு வண்ணங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு நிறத்தைப் பூசினால் அது அந்த இடத்திலேயே உறைந்துவிடும். எண்ணெயில் குழைத்த வண்ணம் காயப் பல நாட்கள் ஆகும். அதனால் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் மெல்ல இழுத்துக் கரைக்கலாம். கன்னத்தில் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்யலாம். பட்டின் பளபளப்பு, முத்தின் ஈரம், தோளில் படியும் மல்மல் துணியின் மெல்லிய மடிப்பு, எல்லாம் இதில் சாத்தியம். தஞ்சாவூர் ஓவியத்தில் நகை பளபளப்பது உண்மையான தங்க ரேக்கை ஒட்டுவதால். ரவிவர்மாவின் படத்தில் நகை பளபளப்பது வெறும் மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுவதால். பார்ப்பவர்கள் அசந்துபோனதுக்கு இதுதான் முதல் காரணம்.

இதற்கிடையில், 1866-ல், மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதி பாயியுடன் திருமணம் முடிந்திருந்தது. அவருடைய அக்கா திருவிதாங்கூரின் ராணி லட்சுமி பாயி. இந்த உறவு பின்னால் ஒரு விசித்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும்.

காசுக்கு வரையலாமா?

1870-ல் ரவிவர்மா கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போனார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் சப்-ஜட்ஜாக இருந்த கிருஷ்ண மேனனின் குடும்பத்தை வரைந்து கொடுத்து, பணம் வாங்கினார். கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். அரண்மனை உறவினர் ஒருவர் கூலிக்கு வரைவது அன்றைய கண்ணுக்குச் சாதாரணம் இல்லை. ஓவியம் வரைவது ஒரு பொழுதுபோக்கு என்றால் பரவாயில்லை. பிழைப்பு என்றால் அது கைவேலை செய்பவர்களின் வேலை. அந்தக் கோட்டை ரவிவர்மா சத்தமில்லாமல் தாண்டினார். அதுக்கப்புறம் நீதிபதி, திவான், மகாராஜா, கவர்னர் என்று வாழ்நாள் முழுக்கக் கூலிக்குத்தான் வரைந்தார்.

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சி அவரை நாடறியச் செய்தது. கண்ணாடி முன் நின்று கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம், கவர்னரின் தங்கப் பதக்கம் வென்றது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அதற்குப் பரிசு. மறு ஆண்டு சென்னையில் மீண்டும் தங்கம். இந்த முறை சரபத் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கும் தமிழ்ப் பெண். 1876-ல் சகுந்தலை தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் படத்தை அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் டியூக்கே வாங்கினார். சமஸ்கிருத அறிஞர் மோனியர் வில்லியம்ஸ் தன் சகுந்தலை மொழிபெயர்ப்பின் முகப்பில் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டார்.

போட்டோ எடுக்கும் வசதி அப்போது வந்திருந்தது. பிறகு ஏன் எல்லோரும் இவரைத் தேடினார்கள்? போட்டோவில் கலர் கிடையாது, பெரிய அளவு கிடையாது. அதைவிட முக்கியம், போட்டோ உள்ளதைத்தான் காட்டும். ஓவியர் நினைத்தால் தொப்பையைக் கொஞ்சம் குறைக்கலாம், பார்வைக்குக் கொஞ்சம் கம்பீரம் கூட்டலாம். தான் செத்த பிறகும் தர்பார் ஹாலில் எந்த முகத்தோடு இருக்கப்போகிறோம் என்பதில் மகாராஜாக்களுக்கு ரொம்ப அக்கறை இருந்தது. குடும்பப் படம் வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அந்த அக்கறை புரியும்.

படத்துக்கு வெளியே நிற்கும் ஆள்

ரவிவர்மாவின் ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சகுந்தலை காலில் முள் குத்தியதைப் போலக் குனிந்து காலைத் தூக்கிப் பார்க்கும் படம். நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள், பள்ளிப் பாடப்புத்தகத்திலாவது.

உண்மையில் அவள் காலில் முள் எதுவும் இல்லை. பின்னால் நிற்கும் துஷ்யந்தனை இன்னொரு தரம் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். தோழிகளுக்கு இது புரிந்துவிட்டது. இதில் வேடிக்கை, துஷ்யந்தன் படத்திலேயே இல்லை. அவள் பார்வை ஓவியத்தின் சட்டத்தைத் தாண்டி எங்கோ போகிறது. கதை தெரியாதவருக்கு இது காலைப் பார்க்கும் ஒரு பெண். கதை தெரிந்தவருக்கோ இது ஒரு நாடகத்தின் மிக முக்கியமான நொடி. அந்த ராஜாவை வரைந்து முடிப்பது ஓவியர் இல்லை, பார்க்கிற நாம்தான்.

இதே உத்தியை அவர் தன் வீட்டிலும் பயன்படுத்தினார். 1893-ல் வரைந்த ஒரு படத்தில் அவருடைய மகள் மகாபிரபா கைக்குழந்தையோடு நிற்கிறார், பக்கத்தில் ஒரு நாய். மூவரும் ஒரு பக்கம் பார்க்கிறார்கள். படத்தின் பெயர் 'இதோ அப்பா வருகிறார்'. அப்பா படத்தில் இல்லை. வருடத்தில் பெரும்பகுதி ஊர் ஊராக அலைந்த ஓர் ஓவியர் இதை வரைந்திருக்கிறார் என்று தெரிந்தபின் படத்தின் தொனியே மாறிவிடுகிறது. அதோடு கேரளத்தின் மருமக்கத்தாய வீடுகளில் குடும்பம் தாய்வழியில் நகரும். அப்பா என்பவர் வந்துபோகிறவர். அதனால் இந்தப் படத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய 10 படங்களில் இதுவும் ஒன்று. அங்கேயும் பதக்கம் கிடைத்தது.

திரௌபதி என்ன உடுத்தியிருப்பாள்?

திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் 1880-ல் காலமானார். அடுத்து வந்த மகாராஜாவோடு ரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. கதவு ஒன்று மூடியபோது பரோடாவில் இன்னொன்று திறந்தது. அங்கே திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ், ஏற்கெனவே திருவிதாங்கூரில் திவானாக இருந்து ரவிவர்மாவை அறிந்தவர். இளம் மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் பொறுப்பேற்கும் விழாவுக்கு, 1881-ல், அவர் ரவிவர்மாவை வரவழைத்தார்.

1888-ல் பரோடாவிலிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது. புதிய லட்சுமி விலாஸ் அரண்மனைக்கு ராமாயணம், மகாபாரதம், புராணங்களிலிருந்து 14 ஓவியங்கள். உடனே தூரிகையை எடுக்கவில்லை. தம்பி ராஜராஜ வர்மாவுடன் வட இந்தியா முழுக்கச் சுற்றினார். தம்பியும் நல்ல ஓவியர்; அண்ணனின் பல படங்களில் பின்னால் தெரியும் மலையும் வானமும் அவர் கைவண்ணம்.

தேடியது என்ன? பழைய காலத்து ஆடை. நளனும் திரௌபதியும் என்ன உடுத்தினார்கள் என்று எங்காவது ஒரு தடயம் கிடைக்குமா என்று பார்த்தார்கள். ஆனா ஊருக்கு ஊர் உடை வேறு. மலையாளத்தில் முண்டு, வடக்கே காக்ரா, மராட்டியத்தில் ஒன்பது கஜம். நாடு முழுக்கப் பார்க்கும் ஒருவர் இவள் நம்ம ஊர்ப் பெண் என்று நினைக்க வேண்டுமானால் என்ன உடுத்த வேண்டும்?

கடைசியில் புடவை என்று முடிவானது. இன்றைக்கு அது இயல்பாகத் தெரிகிறது. தேவி என்றால் புடவைதானே? ஆனா அன்றைக்கு அது ஓர் ஓவியர் எடுத்த முடிவு. 1889-ல் அவர் வரைந்த, இப்போது மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் படம் ஒன்றில் வெவ்வேறு பிரதேசத்துப் பெண்கள் 11 பேர் வாத்தியங்களோடு ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் உடை வேறு, முகச்சாயல் வேறு. இந்தியா என்ற நாடு அரசியலில் உருவாக இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. அந்தப் பெண்கள் அதற்குள் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

14 படங்களும் முடிந்ததும் பரோடா போகும் முன் திருவனந்தபுரத்திலும், பிறகு மும்பையிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். அதன்பின் ஓவியங்கள் அரண்மனைக்குள் போய்விட்டன. வந்த ஜனங்கள் வெளியே நின்றுவிட்டார்கள்.

கல்லில் அச்சடித்த தெய்வங்கள்

இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்தவர் மாதவ ராவ்தான். 1884-லேயே அவர் ரவிவர்மாவுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: உங்கள் படம் வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம், உங்களுக்கு இருப்பது இரண்டு கை, எவ்வளவு வேகமாக வரைந்தாலும் கட்டாது, சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப் பிரதிகளாக அச்சிட்டால் என்ன?

பத்து ஆண்டுகள் கழித்து ரவிவர்மா ஒரு படி மேலே போனார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, 1894-ல் மும்பையில் சொந்தமாகவே ஒரு லித்தோ பிரஸ் தொடங்கினார். மெஷினும் வெளிநாடு, டெக்னீஷியன்களும் ஜெர்மனியிலிருந்து. முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு.

ஓலியோகிராஃப் எப்படி வேலை செய்கிறது? வழவழப்பாகத் தேய்த்த ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள பென்சிலால் வரைவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். கொழுப்பு உள்ள இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அங்கே மட்டும் எண்ணெய் மை ஒட்டும். அதன்மேல் தாளை அழுத்தினால் படம். கலர் படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரு லட்சுமி முழுசாக வர, அதே தாள் பல கற்களை வரிசையாகத் தாண்ட வேண்டும். ஒரு கல்லில் மயிரிழை நகர்ந்தாலும் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் வார்னிஷ் பூசி, கேன்வாஸ் போலச் சொரசொரப்பும் கொடுத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆயில் பெயின்டிங்கேதான்.

படங்கள் பரவின. பிரஸ் மட்டும் லாபம் பார்க்கவில்லை. 1896-ல் மும்பையில் பிளேக் நோய் வந்தது. ஊரே காலியானது. பிரஸ்ஸை 1899-ல் லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாற்றினார்கள். அப்படியும் சமாளிக்க முடியவில்லை. தம்பி ஆங்கிலத்தில் எழுதிய டைரியில் அண்ணனும் தம்பியும் ஊர் ஊராக அலைந்து பெரிய மனிதர்களை வரைவதும், நடுவில் பிரஸ்ஸின் கவலை அவர்களைத் துரத்துவதும் பதிவாகியிருக்கிறது. கடைசியில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் பிரஸ்ஸையும் பல படங்களின் அச்சு உரிமையையும் விற்றுவிட்டார் ரவிவர்மா. அதுக்கப்புறம்தான் அந்த பிரஸ் நன்றாக ஓடியது. படங்கள் தீப்பெட்டியிலும் துணி மில் லேபிளிலும் காலண்டரிலும் ஏறின. வரைந்தவருக்கு அதில் பெரிதாக எதுவும் வரவில்லை.

இடையில் ஒரு கிளைக்கதை. அந்த பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களில் தாதாசாகேப் பால்கேவும் ஒருவர். 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்து இந்திய சினிமாவைத் தொடங்கிவைத்தவர். புராணப் படங்களில் தேவர்களும் ராஜாக்களும் எப்படி நின்றார்கள், என்ன கிரீடம் வைத்தார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் மளவ்லியிலிருந்து வந்தது தெரியும்.

படம் எப்போது சாமி ஆகிறது?

இந்தக் கதையில் யாரும் திட்டமிடாத பகுதி இதுதான். ரவிவர்மா வரைந்தது ஓவியம். பிரஸ் விற்றது பிரதி. ஆனா வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணாடிச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, ஊதுவத்தி ஏற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் படங்களுக்கு ஜரிகை, சமிக்கி, துணி ஒட்டி அலங்காரமே செய்தார்கள். புடவை வரைந்த இடத்தில் நிஜத் துணி! ஐரோப்பியக் கண்ணுக்கு இது ஓவியத்தைக் கெடுப்பது. வீட்டுக்காரருக்கு இது சாமிக்குப் புடவை சாத்துவது.

லட்சுமியும் சரஸ்வதியும் நம்மைப் பார்த்தபடி இருப்பதையும் கவனியுங்கள். சகுந்தலையைப் போல அவர்கள் சட்டத்துக்கு வெளியே யாரையும் தேடவில்லை. கோயிலுக்குப் போகிறவர் சிலையைப் பார்க்க மட்டும் போவதில்லை. சாமியின் பார்வை தன்மேல் படவும்தான் போகிறார். படத்தில் இருக்கும் கண் திருப்பிப் பார்த்தால் அங்கே பூஜை தொடங்கிவிடும். கதைக்காக வரைந்த பெண்கள் ஹாலில் தொங்கினார்கள், நேராகப் பார்த்த பெண்கள் பூஜையறைக்குப் போனார்கள்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட சாதியினர் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. கருவறை மூர்த்தியைப் பார்ப்பது அவர்களுக்கு எட்டாத விஷயம். காகிதத்தில் வந்த லட்சுமிக்கு வாசல்காரர் கிடையாது. வாங்கினால் வருவாள், யார் வீடு என்று கேட்கமாட்டாள். இதனால் ரவிவர்மாவைச் சீர்திருத்தவாதி என்று தூக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொஞ்சம் அதிகம். அவர் தொடங்கியது ஒரு வியாபாரம், அவர் வாழ்ந்தது அரண்மனைகளுக்குள். ஆனாலும் அந்தக் காகிதம் போன இடங்களுக்கு அன்றைய எந்தக் கோயில் தேரும் போகவில்லை என்பது உண்மை.

முன்பு சொன்ன அந்தத் திருமண உறவு இங்கேதான் வருகிறது. ரவிவர்மாவின் மகள்களுக்குப் பிறந்த இரண்டு பேத்திகளை 1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்தெடுத்தது. அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயியின் மகன்தான் மகாராஜா சித்திரைத் திருநாள். 1936 நவம்பர் 12 அன்று எல்லா சாதி இந்துக்களுக்கும் திருவிதாங்கூர் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஓவியரின் கொள்ளுப்பேரன்.

கடைசி ஆண்டுகளும் அதற்குப் பின் வந்த வசையும்

1904-ல் பிரிட்டிஷ் அரசு ரவிவர்மாவுக்கு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தம்பி ராஜராஜ வர்மா இறந்துபோனார். பயணம், பிரஸ், கணக்கு, பின்னணி மலைகள் என எல்லாவற்றிலும் கூட இருந்தவர் அவர். அந்த இழப்பிலிருந்து அண்ணன் மீளவில்லை. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. அப்படியும் மைசூரு அரண்மனைக்கான படங்களை வரைந்துகொண்டிருந்தார். 1906 அக்டோபர் 2 அன்று, பிறந்த கிளிமானூரிலேயே, 58-வது வயதில் காலமானார்.

அவர் உயிரோடு இருக்கும்போதே காற்று திசை மாற ஆரம்பித்திருந்தது. கல்கத்தாவில் சுதேசி அலை. அங்கே ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்த ஈ.பி. ஹாவெல் அதற்கு முன் சென்னை ஓவியப் பள்ளியில் இருந்தவர். இந்தியக் கலை ஐரோப்பாவைக் காப்பியடிக்கக் கூடாது, அஜந்தாவையும் முகலாயச் சிற்றோவியங்களையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் சகோதரி நிவேதிதாவும் ரவிவர்மாவைக் கடுமையாக விமர்சித்தார்கள். இவருடைய தெய்வங்கள் தெய்வங்களாக இல்லை, நாடக மேடையில் வேஷம் கட்டி நிற்கும் சாதாரண மனிதர்கள் என்பது குற்றச்சாட்டின் மையம். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு ஓவியப் பள்ளிகளில் ரவிவர்மா என்றால் காலண்டர் ஆர்ட், கொஞ்சம் கேலி.

விமர்சனத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பல படங்களில் ஆட்கள் போஸ் கொடுத்து நிற்பது அப்பட்டமாகத் தெரியும். தேவி என்றால் வெளுத்த நிறம், மேட்டுக்குடி முகம் என்ற பழக்கத்தை நம் கண்ணில் ஏற்றியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. தெருவில் பாடிப் பிழைக்கும் நாடோடிக் குடும்பத்தையும் அவர் வரைந்திருக்கிறார். அதுவும் சிகாகோ போனது. ஆனா பூஜையறைக்குப் போனது அந்தக் கறுத்த, களைத்த முகம் இல்லை.

ஆனால் சாதாரண மனிதர்களைப் போல இருக்கிறார்கள் என்பதைக் குற்றமாகச் சொன்ன இடத்தில் அறிஞர்கள் எதையோ தவறவிட்டார்கள். ஜனங்களுக்குப் பிடித்ததே அதுதான். பக்கத்து வீட்டு அக்கா மாதிரி ஒரு சரஸ்வதி. அவர்கள் படத்தின் பாணியை எடைபோடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து மகளின் பரீட்சைக்காக வேண்டிக்கொள்ள முடியுமா என்று பார்த்தார்கள்.

1979-ல் மத்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களைக் கலைப் பொக்கிஷமாக அறிவித்தது. நாட்டுக்குள் இருக்கும் அவருடைய ஓவியங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 2023-ல் யசோதையும் கிருஷ்ணனும் இருக்கும் அவருடைய ஓவியம் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது. வதோதரா, திருவனந்தபுரம், மைசூரு என்று அசல் படங்களைப் பார்க்க இன்றும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் சில இருக்கின்றன.

மளவ்லி பிரஸ் 1972-ல் தீயில் அழிந்தது. அதற்குள் வேலை தெற்கே வந்து ரொம்ப நாளாகிவிட்டது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப்போய்க் கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் முருகனையும் மீனாட்சியையும் வரைந்து கொடுக்க, சிவகாசி பிரஸ்கள் அவற்றைக் காலண்டராக அடித்து ஊரெல்லாம் அனுப்பின. மளிகைக் கடையில் இனாமாகக் கிடைத்த காலண்டர்கள் அவை. வருடம் முடிந்ததும் தேதித் தாள் தீர்ந்துவிடும், படம் மட்டும் சுவரில் இருக்கும். அதைக் கழற்றிக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. மங்கிப்போன லட்சுமியை ஒரு நாள் மெதுவாக எடுத்துக்கொண்டுபோய், தெருமுனை அரசமரத்தடியில் பிள்ளையார் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு வருவார்கள்.